காந்த ரயிலும் எல்லைச் சாவடியும்

(பினாங்கு, சூலியா தெருவில் தோட்டத் தொழிலாளர் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



தமிழகக் கடற்கரையிலிருந்து வந்த வணிகரை அக்காலத்தில் சூலியர் என்றழைத்தனர். அவர்கள் பெயரைத் தாங்கிய இத்தெரு, கிழக்கே கடற்கரைத் துறையில் சென்று முடிகிறது. அத்துறையில் ஒரு சரக்கு எத்தனை கைகள் மாறியது தெரியுமா? நடுக்கடலில் நங்கூரமிட்ட கப்பலிலிருந்து தொங்கானுக்கு, தொங்கானிலிருந்து கரைக்கு, கரையிலிருந்து கிடங்குக்கு. இருப்புப்பாதையோ அக்கரையில், பிறையில் இருந்தது. அதனால்தான் ஜார்ஜ் டவுனில் தண்டவாளமே இல்லாத ஒரு ரயில் நிலையம் எழுந்தது. பயணிகள் அங்கே சீட்டு வாங்கி, படகேறி, பிறைக்குச் சென்று வண்டி பிடித்தனர்.

இன்று காந்த மிதவை ரயிலைப் பற்றி வியப்போடு பேசுகின்றனர். துறைமுகத்துச் சரக்கையெல்லாம் அதில் ஏற்றி, நாடு விட்டு நாடு நொடிப்பொழுதில் அனுப்பலாமே என்று இளைஞர் பலர் வினவுகின்றனர். நல்ல வினா. அதற்குரிய விடையை நிதானமாக ஆராய்வோம். ஏனெனில் நாம் வடிக்கும் ரப்பர் பாலும் கட்டியாகி இத்துறைமுகத்தின் வழியே கடல் கடக்கிறது.

காந்தம் காந்தத்தை இழுக்கும் அல்லது தள்ளும் என்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். அவ்விசையால் வண்டியைத் தடத்திற்கு மேலே மிதக்க வைத்து, மின்விசையால் முன்னே செலுத்துவதே இம்முறை. சக்கரமும் தண்டவாளமும் உராய்வதில்லை; ஆதலால் தேய்மானம் குறைவு, வேகம் மிகுதி. சீனத்தின் ஷாங்காய் நகரில் 30 கிலோமீட்டர் நீளமுள்ள தடத்தில் 2004 முதல் இத்தகைய ரயில் வணிகமுறையில் ஓடுகிறது. ஜப்பானில் 2015-ஆம் ஆண்டில் நடந்த சோதனை ஓட்டத்தில் மணிக்கு 603 கிலோமீட்டர் வேகம் எட்டப்பட்டது.

ஆயினும், இவை யாவும் மக்களை ஏற்றிச் செல்லும் வண்டிகள். துறைமுகக் கொள்கலன்களைச் சுமந்து நாட்டெல்லை கடக்கும் காந்த ரயில் இன்று எங்கும் ஓடவில்லை. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலிஸ், லாங் பீச் துறைமுகங்களுக்காக இவ்யோசனை ஆராயப்பட்டது. எனினும் தடம் அமைக்கப்படவில்லை.

காரணம் என்ன? சரக்கு நிறைந்த கொள்கலன் ஒன்று 30 டன் வரை கனக்கும். அதனை மிதக்க வைப்பதற்கு வலிமை மிக்க தடமும் மிகுந்த மின்சாரமும் வேண்டும். மேலும், காந்த ரயில் பழைய தண்டவாளத்தில் ஓடாது. பினாங்கிலிருந்து பாங்காக் வரை அதில் சரக்கு செல்ல வேண்டுமாயின், இரு நாடுகளும் ஒரே வகைத் தடத்தைப் புதிதாக அமைக்க வேண்டும்.

தட வேறுபாடு தரும் தொல்லையை இப்போதே காணலாம். 2024-ஆம் ஆண்டில் 'ஆசியான் எக்ஸ்பிரஸ்' என்னும் சரக்கு ரயில் சிலாங்கூரிலிருந்து தாய்லாந்து, லாவோஸ் வழியாகச் சீனத்தின் சோங்சிங் நகருக்குப் புறப்பட்டது. நம் தண்டவாளமும் தாய்லாந்துத் தண்டவாளமும் 1,000 மில்லிமீட்டர் அகலம் கொண்டவை. 2021-இல் திறக்கப்பட்ட லாவோஸ்-சீனப் பாதையோ 1,435 மில்லிமீட்டர். ஆகவே வியந்தியானில் கொள்கலன்களைத் தூக்கி வேறு வண்டிக்கு மாற்ற வேண்டியுள்ளது. அன்று தொங்கான் செய்த வேலையை இன்று பாரந்தூக்கி செய்கிறது; அவ்வளவே.

நமக்கு வாய்த்த பாதையின் அருமையை இப்போது உணரலாம். 1918-ஆம் ஆண்டில் பாடாங் பெசாரில் மலாயாப் பாதையும் சயாம் பாதையும் இணைந்தன. இரண்டும் ஒரே அகலம். எனவே வண்டி மாற்றத் தேவையில்லை. 2015 முதல் ஈப்போவிலிருந்து பாடாங் பெசார் வரை மின்சார இரட்டைப் பாதை பயன்பாட்டில் உள்ளது. தென் தாய்லாந்தின் ரப்பரும் இவ்வழியே பினாங்குத் துறைமுகம் வந்து கப்பலேறுகிறது.

ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். பட்டர்வொர்த்திலிருந்து பாடாங் பெசாருக்குச் சுமார் 170 கிலோமீட்டர். மணிக்கு 60 கிலோமீட்டர் ஓடும் சரக்கு வண்டி மூன்று மணி நேரத்திற்குள் சென்றுவிடும். மணிக்கு 300 கிலோமீட்டர் ஓடும் காந்த ரயில் 34 நிமிடத்தில் செல்லும். மிச்சமாவது இரண்டரை மணிக்கும் குறைவான நேரமே. பத்திரத்தில் ஒரு பிழையால் கொள்கலன் எல்லையில் ஒரு நாள் நின்றுவிட்டால், அம்மிச்சம் என்னவாகும்? சரக்கின் காலத்தைத் தின்பது ஓட்டமன்று, நிற்றலே! நின்ற நேரத்திற்கும் கூலி உண்டு. கிடங்குக்கும் வாடகை உண்டு. அச்செலவு ரப்பரின் விலையைத்தான் அரிக்கிறது. எனவே காந்தத் தடத்திற்குக் காத்திராமல், சுங்கச் சோதனையைச் செம்மையாக்குவதும், வண்டிகள் குறித்த நேரத்தில் புறப்படச் செய்வதும், உள்ள பாதையை நன்கு பேணுவதும் முதற்கடமைகளாகும்.

தோழர்களே! கொள்கலன் வந்தபோது தொங்கானில் மூட்டை சுமந்தோரின் பிழைப்பு மறைந்தது. அவர்கள் உழைப்பில் குறையில்லை. மாறிய தொழிலுக்குரிய பயிற்சிதான் அவர்களைத் தேடி வரவில்லை. நாளை வருவது காந்த ரயிலாயினும் மின்சார ரயிலாயினும், அதனை இயக்கவும் பழுது பார்க்கவும் மின்தொழிலும் கணினியும் அறிந்தோர் தேவைப்படுவர். அவர்களுள் நம் பிள்ளைகளும் இருத்தல் வேண்டும். பள்ளிப் படிப்பை முடிக்கும் மகனையும் மகளையும் தொழிற்பயிற்சிக்கு அனுப்புங்கள். அடுத்த மாற்றம் வரும்போது நம் குடும்பங்கள் கரையில் நின்று பார்ப்பவையாக அல்லாமல், அதனைச் செலுத்துபவையாக விளங்கட்டும்.