சுமப்பவனும் சொந்தக்காரனும்

(காணிப்பாக்கத்தில் நடந்த நம் சங்கக் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நாம் கூடியிருக்கும் இந்தக் காணிப்பாக்கம் சத்தியத்துக்குப் பேர்போன ஊர். குடியை விட நினைப்பவன் வரசித்தி விநாயகர் முன் நின்று பிரமாணம் செய்வது இந்தச் சித்தூர்ச் சீமையின் வழக்கம். இங்கே பொய்ச் சத்தியம் செய்ய எவனும் அஞ்சுவான். "நான் அறியேன்" என்று ஒருவன் இந்தச் சந்நிதியில் சொல்லிவிட்டால் ஊர் நம்பிவிடும். ஆனால் அந்தச் சொல்லை லேசில் நம்பாத ஒரு சட்டம் இருக்கிறது. அதுதான் கஞ்சாச் சட்டம். அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

நான் ரயில்வே குமாஸ்தா, வக்கீல் அல்ல. ஆனால் சரக்கு எந்தத் தடத்தில் போகிறது என்பது ரயில்வேக்காரனுக்குத் தெரியும். விசாகப்பட்டினம் பக்கத்து மலைகளிலும் ஒடிசா எல்லையிலும் கள்ளத்தனமாகக் கஞ்சா விளைகிறது. 2022 பிப்ரவரியில் அனகாபல்லி அருகே ஆந்திரப் போலீசார் சுமார் 2 லட்சம் கிலோவை ஒரே இடத்தில் போட்டுக் கொளுத்தினார்கள். இவ்வளவு சரக்கும் தெற்கே வர வேண்டுமானால் சாலை வேண்டும், ரயில் வேண்டும், சுமக்க ஆள் வேண்டும். கூடூர், ரேணிகுண்டா, திருப்பதி, பாகாலா, சித்தூர், காட்பாடி - இது நாம் பொங்கலுக்கு ஊருக்குப் போகிற தடம். மூட்டை முடிச்சோடு போகும் கூலிக்காரனை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்று கடத்தல்காரன் கணக்குப் போடுகிறான். "அண்ணே, இந்தப் பையைக் காட்பாடி வரை கொண்டுபோங்க, அங்கே ஆள் வந்து வாங்கிக்கும்" என்கிறான். ஒரு வாரக் கூலியைக் கையில் வைக்கிறான்.

அந்தப் பையை எடுத்தவன் நிலை என்ன? 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் எடையைக் கொண்டு தண்டனையைப் பிரிக்கிறது. கஞ்சா 1 கிலோ வரை சிறு அளவு; ஓராண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதற்கு மேல், வணிக அளவான 20 கிலோவை எட்டாத வரை, 10 ஆண்டு வரை கடுங்காவல், 1 லட்சம் வரை அபராதம். வணிக அளவு என்றால் குறைந்தது 10 ஆண்டு, கூடினால் 20 ஆண்டு. அபராதம் 1 லட்சம் முதல் 2 லட்சம். வணிக அளவு வழக்கில் ஜாமீன் சுலபத்தில் கிடைக்காது. இவன் குற்றவாளி அல்ல என்று நம்ப நியாயமான காரணம் உண்டு என்று நீதிபதிக்கே தோன்ற வேண்டும் என்கிறது 37-ஆம் பிரிவு. குற்றப்பத்திரிகைக்கே 180 நாள் அவகாசம்.

இதைவிடக் கடுமை 35, 54-ஆம் பிரிவுகளில் இருக்கிறது. சரக்கு உன் வசம் இருந்தது என்று அரசுத் தரப்பு நிரூபித்துவிட்டால், தெரிந்தேதான் வைத்திருந்தாய் என்று நீதிமன்றம் ஊகித்துக்கொள்ளும். தெரியாது என்பதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கும் பாரம் உன் தலையில். பையைக் கொடுத்தவன் பேர்கூடத் தெரியாத கூலிக்காரன் எதைக் காட்டி நிரூபிப்பான்?

இந்தச் சட்டம் எல்லோரிடமும் இப்படிக் கண்டிப்பாக நடக்கிறதா என்று பாருங்கள். சட்டத்தின் பொருள் விளக்கப்படி கஞ்சா என்பது செடியின் பூவும் காயும் கொண்ட நுனி. பூ கலக்காத இலை அதில் சேராது. அதனால்தான் உத்தரப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் அரசு லைசென்சோடு பாங்கு கடை நடக்கிறது. நாருக்காக இந்தச் செடியைப் பயிரிட உத்தராகண்ட் அரசு 2018-இல் அனுமதி கொடுத்தது. இதன் விதையையும் விதை எண்ணெயையும் உணவாக விற்கலாம் என்று 2021-இல் மத்திய உணவுத் தர ஆணையம் சொல்லிவிட்டது. வெள்ளைக்காரன் 1893-இல் போட்ட கமிஷனே ஆயிரத்துக்கு மேற்பட்ட சாட்சிகளை விசாரித்து, முழு மதுவிலக்கைப் போன்ற முழுத் தடை வேண்டாம், வரியும் கட்டுப்பாடும் போதும் என்றது. ஆக, லைசென்சு வாங்க வசதி உள்ளவனுக்கு இது பயிர், வியாபாரம். பை தூக்குகிறவனுக்கு 10 ஆண்டுச் சிறை. ஆனால், இலை என்று சொல்லித் தப்பலாம் என்று யாரும் எண்ண வேண்டாம். பூவோடு சேர்ந்த இலைக்கு விலக்கு கிடையாது.

கஞ்சா நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. நம் பிள்ளைகளில் சிலர் அதில் கெட்டதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். சுமப்பவனைப் பிடித்ததோடு வழக்கு முடிந்துவிடக் கூடாது என்கிறேன். பணம் போட்டுக் கடத்தலை நடத்துகிறவனுக்கு 27-ஏ பிரிவில் 10 முதல் 20 ஆண்டு உண்டு. விசாரணை அவன் வீடு வரை போக வேண்டும். செம்மரத்தில் நடந்ததை நாம் மறக்கவில்லை. 2015 ஏப்ரல் 7 அன்று இதே சீமையின் சேஷாசலக் காட்டில் தமிழ்நாட்டுக் கூலிகள் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்கள் கூலிக்கு மரம் வெட்டப் போனவர்கள். மரத்தை விற்றுக் கோடி சேர்த்தவர்கள் அல்ல.

ஆகவே சில காரியங்களை மனதில் வையுங்கள்.

பிறர் பையைத் தொடாதீர்கள்; தெரிந்தவன் கொடுத்தாலும் திறந்து பார்க்காமல் வாங்காதீர்கள். ஆட்டோ, லாரி ஓட்டுகிறவர்கள் சரக்கு என்னவென்று கேளுங்கள். பிடிபட்டால் வண்டியும் பறிமுதலாகும். தாய்மார்களே, நாலு நாள் வைத்திருங்கள் என்று யார் மூட்டை கொண்டு வந்தாலும் வீட்டுக்குள் விடாதீர்கள்.

உடம்பைச் சோதிப்பதற்கு முன், மாஜிஸ்திரேட் அல்லது கெஜட்டட் அதிகாரி முன்னிலையில் சோதிக்கக் கேட்கும் உரிமை உண்டு என்று போலீசார் சொல்ல வேண்டும். இது 50-ஆம் பிரிவு. கையிலிருக்கும் பைக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை என்பது உச்ச நீதிமன்றத் தீர்ப்பு.

இங்கே காகிதமெல்லாம் தெலுங்கில் எழுதப்படும். படித்துச் சொல்லாத காகிதத்தில் கையெழுத்தோ கைநாட்டோ வைக்காதீர்கள். கைதுக்கான காரணத்தைக் கைதானவனுக்குப் புரியும் மொழியில் எழுதித் தர வேண்டும் என்று 2025-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தமிழில் கேளுங்கள். 24 மணி நேரத்துக்குள், பயண நேரம் நீங்கலாக, மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். காவலில் இருப்பவனுக்கு வக்கீலை இலவசமாக வைத்துத் தருவது சட்ட உதவி ஆணையத்தின் கடமை. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம்.

பழக்கத்துக்கு அடிமையான பிள்ளையை வீட்டில் அடைத்து வைத்து மறைக்காதீர்கள். தானாக முன்வந்து சிகிச்சைக்குப் போகிறவனுக்கு 64-ஏ பிரிவு வழக்கிலிருந்து விலக்குத் தருகிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்த விலக்கும் போய்விடும்.

இவற்றோடு நம் கோரிக்கை இரண்டு. தமிழ் தெரிந்த சட்ட உதவி வக்கீலைச் சித்தூர், திருப்பதி நீதிமன்றங்களில் வைக்க வேண்டும். சரக்கு யாருடையது என்று கண்டுபிடிக்காமல் எந்த விசாரணையையும் முடிக்கக் கூடாது. மனு தயாராக இருக்கிறது. பின்வரிசையில் கையெழுத்து வாங்குகிறார்கள்.

நாளைக் காலை கோயிலுக்குப் போகிறவர்கள் குடியை விடுவேன் என்று பிரமாணம் செய்யுங்கள், நல்லது. அதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: பிறத்தியான் பையைத் தூக்க மாட்டேன், நம் ஆள் ஒருவன் பிடிபட்டால், குற்றம் செய்தானோ இல்லையோ, வக்கீல் இல்லாமல் அவனைத் தனியே விட மாட்டேன்.