சொந்தப் பேச்சு
(ஆண்டுச் சந்திப்பில் முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)



நூம்பலிலிருந்து கல்லூரிக்கு வந்த எனக்கு மேடை என்றாலே உதறல். "நம்ம பேச்சு பட்டிக்காட்டுப் பேச்சாச்சே" என்ற கூச்சம். அதைப் போக்கியவர் தென்கச்சி கோ. சுவாமிநாதன். காலையில் டீக்கடை ரேடியோவில் சென்னை வானொலியின் 'இன்று ஒரு தகவல்' கேட்போம். அவர் வேளாண்மை படித்தவர். தன் ஊர்ப் பெயரையே பெயரோடு சேர்த்துக்கொண்டவர். 10 ஆண்டுகளுக்கு மேலாக, அலட்டாமல், தான் சிரிக்காமல், கேட்டவர்களைச் சிரிக்க வைத்தார். சிரித்து முடித்த பிறகு ஒரு கருத்து மனசில் தங்கியிருக்கும். 2009-இல் மறைந்தார்.

தம்பிகளா, தங்கைகளா, சொந்தப் பேச்சுக்கு வெட்கப்படாதீங்க. அந்தப் பேச்சோடுதான் இன்னைக்கு உங்கள் முன்னால் நிற்கிறேன்.