கல்லீரலில் மறைந்திருக்கும் பி வைரஸ்

அன்று காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்த தாம்பரம் அரசு நெஞ்சக மருத்துவமனையில், 2004 ஏப்ரலில், எச்.ஐ.வி. உள்ளோருக்கு இலவசக் கூட்டு மருந்து சிகிச்சை தொடங்கியது. அந்தக் கூட்டில் இருந்த லாமிவுடின், ஹெபடைட்டிஸ் பி எனும் கல்லீரல் அழற்சி வைரஸையும் அடக்கக்கூடியது. ஆனால் அது மட்டுமே எதிர்த்து நின்றால், நாளடைவில் வைரஸ் அதற்குப் பழகி, மருந்தை மீறி வளர்ந்துவிடும்.

இரு வைரஸ்களும் ரத்தம், உடலுறவு, பிரசவம் ஆகிய ஒரே வழிகளில் பரவுவதால், எச்.ஐ.வி. உள்ளோரிடம் பி வைரஸைத் தேடுவது அவசியம். ரத்தத் துளியை இட்ட சோதனை அட்டையில் இரண்டு கோடுகள் தெரிந்தால், வைரஸின் மேலுறைப் புரதம் ரத்தத்தில் உள்ளது என்று பொருள். ஒரே கோடு தெரிந்தால், தொற்று இல்லை என்று எழுதிவிடுவார்கள். எனினும் சிலருடைய கல்லீரல் செல்களின் உட்கருவில் வைரஸின் மரபுப்பொருள் வளையமாகத் தங்கி, அட்டைக்குச் சிக்காத அளவுக்கே புரதத்தை வெளியிடும். இதுவே மறைநிலைத் தொற்று. மரபுப்பொருளையே தேடும் பி.சி.ஆர். சோதனைதான் இதைக் காட்டிக்கொடுக்கும்.

இன்று வழங்கப்படும் டெனோஃபோவிர், லாமிவுடின், டோலூட்டெகிராவிர் கூட்டு மாத்திரையில் முதல் இரண்டும் பி வைரஸையும் அடக்குகின்றன என்பது பெரும் ஆறுதல். ஆகவே அம்மாத்திரையைத் தாமாக நிறுத்துவதும், வேறு மருந்துக்கு மாற்றும்போது பி வைரஸை மறந்துவிடுவதும் ஆபத்தானவை. அடங்கிக் கிடந்த வைரஸ் மீண்டும் கிளர்ந்து கல்லீரலைத் தாக்கக்கூடும்.