அந்த்ரேட்டாவின் மண்

டில்லி லக்ஷ்மிபாய் நகரின் அரசாங்கக் குடியிருப்புகளில் வாழும் நமக்குத் தோட்டம் என்பது பெரும்பாலும் சில பூந்தொட்டிகளே. மண்ணின் உறவை விழைவோர் இமாசலத்தின் காங்ரா மாவட்டத்திலுள்ள அந்த்ரேட்டா என்னும் சிற்றூருக்கு ஒருமுறை சென்று வருதல் நலம்.

அயர்லாந்தில் பிறந்த நாடகக் கலைஞர் நோரா ரிச்சர்ட்ஸ் அங்கே ஒரு மண்வீட்டில் வாழ்ந்து, 1971-இல் மறைந்தார். ஜப்பானில் மட்பாண்டக் கலை பயின்று, 1952-இல் டில்லியில் 'டில்லி புளூ' பாண்டக் கூடத்தை நிறுவிய சர்தார் குர்சரண் சிங்கும் அவ்வூரை நாடினார். அவருடைய மைந்தர் மன்சிம்ரன் சிங்கும் மருமகள் மேரியும் 1983-இல் அங்கே பாண்டப் பட்டறை அமைத்தனர்.

பட்டறையை ஒட்டிய தோட்டம் பொதுப் பூங்கா அன்று. ஒரு குடும்பத்தின் முற்றம். ஒப்புதல் பெற்றே நுழைய வேண்டும். மலர் கொய்தல் தகாது. உலராத பாண்டத்தைத் தொடுதலும் ஆகாது. ஈரமண்ணில் விரல் பட்டால் தடம் பதிந்துவிடும்; உழைத்தவர் வேலை வீணாகும்.

அவ்வூருக்குப் புகழ் தேடித் தந்தோர் பலர் அயலிடத்தினின்று வந்தவரே. அவ்விடத்து மண்ணையே கையில் எடுத்து, வீடாகவும் கலமாகவும் ஆக்கி, அதனைத் தமதாக்கிக்கொண்டனர். நாமும் பிறந்த மண்ணை மறவாது, புகுந்த மண்ணையும் நமதெனப் பேணுவோமாக.