பூசி முடியாத வீடும் புன்னகைக்கும் பிள்ளைகளும்





குடும்ப வாழ்வைப் பற்றிப் பேசுகின்றபோது நாம் பெரும்பாலும் அதன் பிரச்சினைகளையே பேசுகின்றோம். சீதனம், விவாகரத்து, பிள்ளைகளின் ஒழுக்கம், கைத்தொலைபேசி என்று அந்த வரிசை நீண்டு செல்லும். அவை பேசப்பட வேண்டியவையே, மறுப்பதற்கில்லை. ஆயினும் வீட்டில் மகிழ்ச்சி என்ற ஒன்றும் இருக்கின்றது. அதனை மிம்பரிலும் வானொலியிலும் நாம் குறைவாகவே பேசுகின்றோம். சிறு பிள்ளைகள் உள்ள ஒரு வீட்டில், பெரிய செலவு எதுவுமின்றி, நாள்தோறும் நிகழும் சின்னஞ்சிறு சந்தோஷங்களைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகின்றேன்.

என் சொந்த வீட்டில் நிகழ்ந்த ஒன்றிலிருந்து தொடங்குகின்றேன். அதில் தவறு செய்தவன் நான்தான் என்பதையும் முதலிலேயே கூறிவிடுகின்றேன்.

எங்களது ஊர் முல்லைத்தீவு மாவட்டத்தில், முள்ளியவளைப் பகுதியிலுள்ள நீராவிப்பிட்டி. 1990 ஒக்டோபர் இறுதியில் வடமாகாணத்து முஸ்லிம்கள், ஏறத்தாழ 75,000 பேர், விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது எனக்கு ஆறு வயது. பெரும்பாலானோரைப் போல எங்கள் குடும்பமும் புத்தளத்தையே சென்றடைந்தது. 2009 இல் யுத்தம் முடிந்து, நாங்கள் திரும்பி வந்து பார்த்தபோது காணி காடாகிக் கிடந்தது. கிணறு தூர்ந்து போயிருந்தது. காட்டை வெட்டி, கொட்டில் போட்டு, பின்னர் கல்வீடு கட்டி, அதற்கொரு அறையைக் கூட்டி, சென்ற வருடம்தான் அந்த அறைக்குச் சாந்து பூசி வெள்ளை அடித்து முடித்தோம். அவ்வளவு காலக் காத்திருப்பு அந்தச் சுவரில் இருந்தது.

வெள்ளை அடித்து மூன்றாம் நாள், மாலையில் நான் கடையைப் பூட்டிவிட்டு வந்து பார்த்தால், எனது நான்கு வயது மகள் அடுப்புக் கரியை எடுத்து அந்தச் சுவர் முழுவதும் கீறி வைத்திருந்தாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் நான் போட்ட சத்தம் வீதி வரை கேட்டிருக்கும். பிள்ளை பயந்துபோய், கரியைக் கையில் பிடித்தபடியே எனது உம்மாவின் பின்னால் சென்று ஒளிந்துகொண்டது. உம்மா என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "உனக்கு இந்த வயதில் கீறச் சுவர் இருக்கவில்லை மகன். பிள்ளைக்கு இருக்கிறது," என்று மட்டும் சொன்னார்.

நேயர்களே, நான் வாயடைத்து நின்றுவிட்டேன். உம்மா சொன்னது உண்மை. புத்தளத்தில் எங்களது வீடு கிடுகால் வேய்ந்து கிடுகாலேயே மறைக்கப்பட்டது. கிடுகில் யார் கீறுவது? நானும் தாத்தாவும் முற்றத்து மணலில் ஈர்க்கால் கீறுவோம். மாலைக் காற்று வந்து அழித்துவிட்டுப் போகும். மறுநாள் மீண்டும் கீறுவோம்.

அந்தக் கொட்டிலைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். மாரி தொடங்கினால் கூரை பத்து இடங்களில் ஒழுகும். உம்மா சட்டி, பானை, பேணி, கோப்பை என்று கையில் அகப்பட்ட அனைத்தையும் ஒழுக்கின் கீழே வைப்பார். பேணியில் விழும் துளிக்கு ஒரு சத்தம்; சட்டியில் விழும் துளிக்கு வேறொரு சத்தம். ஒவ்வொன்றுக்கும் நாங்கள் பெயர் வைத்திருந்தோம். நள்ளிரவில் ஏதாவதொரு பாத்திரம் நிறைந்து அதன் சத்தம் மாறினால், "உம்மா, மாமி நிறைந்துவிட்டா!" என்று கூவுவோம். உம்மா எழுந்து ஊற்றிவிட்டு வருவார். எங்களுக்கு அது விளையாட்டு.

உம்மாவிடம் கேட்டால் அவர் வேறு கதை சொல்லுவார். நனைந்த பாய், இருமும் குழந்தை, விடிந்ததும் நிவாரண அரிசியில் எத்தனை கொத்து மிஞ்சியிருக்கிறது என்ற கணக்கு, வெங்காயத் தோட்டத்தில் கூலிக்குச் சென்ற வாப்பா மழையால் வேலையின்றித் திரும்பி வரும் முகம் ஆகியவை அந்தக் கதையில் இருக்கும். அகதி வாழ்வை அழகாக்கிக் காட்டுவது எனது நோக்கமன்று. அது ஓர் அநியாயத்தின் விளைவு. ஆனால் அந்த அநியாயத்தின் நடுவிலும் ஒரு தாய் தன் பிள்ளைகளுக்கு வீடொன்றை அமைத்துக் கொடுத்தாள். அதற்குக் கல்லும் சீமெந்தும் இருக்கவில்லை. மாலையில் கூட்டித் தண்ணீர் தெளித்த முற்றமும், மஃரிபுக்குப் பின்னர் கைவிளக்கைச் சுற்றி நாங்கள் ஓதிய அலிஃப் பாவும், ஒரு தேங்காய்ப்பூ ரொட்டியை ஐந்தாகப் பிய்க்கும்போது பெரிய துண்டு யாருக்கு என்ற சண்டையும்தான் இருந்தன.

திருக்குர்ஆனில் அந்நஹ்ல் அத்தியாயத்தின் 80 ஆவது வசனத்தை நான் பல தடவை ஓதியிருக்கின்றேன். அல்லாஹ் நமது வீடுகளை நமக்கு அமைதி பெறும் இடமாக ஆக்கியிருப்பதை அது கூறுகின்றது. அவ்வசனம் அத்துடன் நின்றுவிடுவதில்லை. கால்நடைகளின் தோலினாலான, பயண நாளிலும் தங்கும் நாளிலும் இலகுவாகத் தூக்கிச் செல்லக்கூடிய கூடாரங்களையும் அதே இடத்தில் வீடுகள் என்றே குறிப்பிடுகின்றது. கல்வீட்டில் குடியிருப்பவருக்கு இவ்வசனத்தின் முதற்பாதி போதுமானதாக இருக்கலாம். கிடுகிலும் தறப்பாளிலும் பிள்ளை வளர்த்த மக்களுக்கு அதன் பின்பாதியின் பெறுமதி தெரியும்.

இது எமது சமூகத்திற்கு மட்டும் உரிய அனுபவமும் அன்று. 2009 இல் யுத்தத்தின் இறுதியில் வன்னித் தமிழ் மக்கள் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் இடம்பெயர்ந்து முகாம்களில் அடைபட்டனர். அவர்களுள் மிகப் பெரும்பாலானோர் இருந்தது வவுனியா செட்டிகுளத்து மெனிக் பாமில். 2012 செப்டெம்பரில்தான் அது மூடப்பட்டது. எங்கள் அயலில் வசிக்கும் ஒரு தமிழ்த் தாய் அங்கே இரண்டு சிறு பிள்ளைகளுடன் கூடாரத்தில் இருந்தவர். பால்மா டின் ஒன்றில் மிளகாய்க் கன்று நட்டு, கூடார வாசலில் வைத்து, அதற்குத் தண்ணீர் ஊற்றும் பொறுப்பைப் பிள்ளைகளிடம் கொடுத்ததாக எனது மனைவியிடம் ஒருநாள் கூறினார். இன்று அவரது முற்றம் நிறையக் கன்றுகள். இருந்தும் அந்த டின் கன்றில் காய்த்த முதலாவது மிளகாயைப் பற்றியே அவர் அதிகம் பேசுவார். வீடு செய்யும் கலை எந்த மதத்துத் தாய்க்கும் ஒன்றுதான் போலும்.

சரி, இப்போது நாம் வீடு கட்டியிருக்கின்றோம். இந்திய அரசின் வீட்டுத்திட்டத்தில் 2012 முதல் வடக்கிலே ஒரு வீட்டுக்கு 550,000 ரூபா கொடுக்கப்பட்டது. பணம் கட்டம் கட்டமாக வரும். வீட்டுக்குரியவர் தாமே நின்று கட்ட வேண்டும். பலர் கடன்பட்டு மிகுதியைக் கட்டினார்கள். காணிப் பிரச்சினை தீராமல், வீடு கிடைக்காமல் இருப்போரும் உள்ளனர். இந்தப் போராட்டத்திலே எமது தலைமுறை ஆண்களிடம் ஒரு மனப்பான்மை வளர்ந்துவிட்டது. "முதலில் வீட்டை முடிப்போம், பிறகு சந்தோஷமாக இருப்போம்" என்பதே அது. அத்திவாரம் போட்டபோது சுவர் எழட்டும் என்றோம். சுவர் எழுந்தபோது கூரை, பின்னர் பூச்சு, பின்னர் மாபிள், பின்னர் மதில். பிள்ளையோ நமது மதிலுக்காகக் காத்திருப்பதில்லை. அது இந்த மாரிக்கு நான்கு வயது. அடுத்த மாரிக்கு ஐந்து.

இதைவிட வேதனையானது, ஒரே குடும்பம் இரண்டு இடங்களில் வாழ்வது. பிள்ளைகளின் பாடசாலைக்காக மனைவி மக்கள் புத்தளத்திலும், காணியையும் தொழிலையும் பார்க்கத் தந்தை வன்னியிலுமாக வருடங்கள் கழித்த குடும்பங்களை நான் அறிவேன். அவர்களை நான் குறை கூறவில்லை; வேறு வழி இருக்கவில்லை. ஆனால் ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டும் வேறு ஊரில் இருப்பவர் போல வாழும் தந்தையரும் இருக்கின்றார்கள் அல்லவா? கடையைப் பூட்டியதும் சந்தியில் ஒரு பேச்சு, தேநீர்க் கடையில் ஒரு பேச்சு, இஷாவுக்குப் பின்னர் பள்ளி வாசலில் ஒரு பேச்சு. வீட்டுக்கு வரும்போது பிள்ளை உறங்கிவிட்டிருக்கும். காலையில் பிள்ளை விழிக்கும்போது தந்தை புறப்பட்டுவிட்டிருப்பார். நானும் அவர்களில் ஒருவனாகவே இருந்தேன்.

உம்மா அந்த வார்த்தையைச் சொன்ன பின்னர், ஆத்திரம் தணிந்து, மகளை அழைத்து, "என்ன கீறினாய்? சொல்லு பார்ப்போம்," என்று கேட்டேன். தயங்கித் தயங்கி வந்து காட்டினாள். இது வீடு, இது கிணறு, இது உம்மா, இது உம்மம்மா, இது பசுவும் கன்றும் என்றாள். "வாப்பா எங்கே மகள்?" என்றேன். "வாப்பா கடைக்குப் போய்விட்டார்" என்றாள். அவள் குறையாக எதனையும் சொல்லவில்லை, உள்ளதைத்தான் சொன்னாள்.

நபி (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் வினவப்பட்டது. குடும்பத்தாரின் வேலைகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்தால் தொழுகைக்குச் செல்வார்கள் என்ற கருத்தில் அவர்கள் பதிலளித்ததை புகாரி கிரந்தத்தில் காண்கின்றோம். தமது செருப்பைத் தாமே தைப்பார்கள், ஆடையின் கிழிசலைத் தாமே ஒட்டுவார்கள் என்றும் அறிவிப்புகள் உள்ளன. ஒரு சமூகத்தையே வழிநடத்திய தலைவருக்கு இதற்கெல்லாம் நேரம் இருந்திருக்கின்றது. ஒரு சில்லறைக் கடை வைத்திருக்கும் எனக்கு நேரமில்லையாம்!

தம் பேத்தி உமாமாவைத் தோளில் சுமந்தபடியே அவர்கள் தொழுதிருக்கின்றார்கள். சுஜூதுக்குச் செல்லும்போது இறக்கிவிட்டு, எழும்போது தூக்கிக்கொள்வார்கள். சுஜூதில் இருக்கையில் பேரப்பிள்ளை முதுகில் ஏறிக்கொண்டபோது, அதன் ஆசை தீரும்வரை சுஜூதை நீட்டியிருக்கின்றார்கள். பள்ளிவாசலில் ஒரு குழந்தை சிணுங்கினாலே திரும்பி முறைக்கின்ற நாம் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தது அபூ உமைரின் சம்பவம். அனஸ் (ரலி) அவர்களுக்கு ஒரு சிறிய தம்பி இருந்தார். அவர் ஒரு சின்னக் குருவியை வைத்து விளையாடுவார். அது நுகைர் எனப்படும் வகைக் குருவி. நபியவர்கள் அந்த வீட்டுக்குச் செல்லும்போது, உமைர், நுகைர் என்று ஓசை ஒத்துவரும்படி அச்சிறுவரை வேடிக்கையாக அழைத்து, குருவியைப் பற்றி விசாரிப்பார்கள். குருவி இறந்து சிறுவர் கவலையோடு இருந்த நாளிலும் அவ்வாறு விசாரித்ததாகச் சில அறிவிப்புகள் கூறுகின்றன. பெரியவர்களுக்கு அது ஒரு குருவி. அந்தப் பிள்ளைக்கு அது முழு உலகம். இந்தச் சிறிய சம்பவம் ஒன்றிலிருந்து மட்டும் அறுபதுக்கும் மேற்பட்ட பயன்களை இப்னுல் காஸ் என்ற அறிஞர் ஒரு தனி நூலாகவே எழுதியிருக்கின்றார். நான் ஆலிம் அல்லன். எனக்குப் புரிந்த பயன் ஒன்றுதான். ஒரு பிள்ளையின் குருவியைப் பற்றி விசாரிக்கப் பணமும் தேவையில்லை, பூசி முடித்த வீடும் தேவையில்லை.

இளைஞர்களே, திருமணத்திற்குத் தயாராகும் நீங்கள் வீட்டின் வேலையைப் பெண்ணின் வேலை என்று எண்ணிக்கொண்டு உள்ளே நுழைய வேண்டாம். அப்படி எண்ணினால் நீங்கள் பாரத்திலிருந்து தப்பலாம். ஆனால் அதனுள் இருக்கும் சந்தோஷத்தையும் இழந்துவிடுவீர்கள். பிள்ளையைக் கிணற்றடியில் குளிப்பாட்டுகின்றவருக்குத்தான் முதல் வாளித் தண்ணீர் தலையில் விழும்போது அது போடும் கூச்சலும், இரண்டாவது வாளிக்கு அது சிரிக்கும் சிரிப்பும் கிடைக்கும். ஏணையை ஆட்டுகின்றவருக்குத்தான் உறக்கத்தில் குழந்தை புன்னகைப்பது தெரியும். பாலைப்பழக் காலத்தில் பிள்ளைகளோடு பழம் பொறுக்கி, பால் ஒட்டிய உதடுகளைத் திறக்க முடியாமல் அவர்கள் முகத்தைச் சுளிப்பதைப் பார்த்திருக்கின்றீர்களா? மாலையில் குசினியில் மனைவி இடியப்பம் பிழிய, நான் தேங்காய் துருவ, துருவிய பூவை மகள் களவாக அள்ளித் தின்ன, "துருவினது எங்கே போனது?" என்று மனைவி என்னையே சந்தேகிக்கின்ற வேடிக்கை இப்போது எங்கள் வீட்டில் வழக்கமாகிவிட்டது. சில மாதங்களுக்கு முன்னர் அந்த நேரத்தில் நான் சந்தியில் நின்று, உலக நிலைமையைப் பேசிக்கொண்டிருந்தேன்.

தாய்மாருக்கும் ஒரு வார்த்தை. வீடு எப்போதும் ஒழுங்காக இருக்க வேண்டும், விருந்தாளி வந்தால் என்ன நினைப்பார் என்ற கவலை உங்களை வாட்டுகின்றது. சிறு பிள்ளை உள்ள வீட்டில் பாயில் சோறும் வாசலில் மண்ணும் இருக்கத்தான் செய்யும். அதனைக் குறையாகப் பேசுகின்ற உறவினர் இருந்தால், அவரது வீட்டிலும் ஒருகாலத்தில் அவ்வாறே இருந்தது என்பதை அவர் மறந்துவிட்டார் என்று விட்டுவிடுங்கள்.

சுவரின் கதையைக் கூறி விடைபெறுகின்றேன். நோன்புப் பெருநாள் நெருங்குகின்றது. மீண்டும் வெள்ளை அடிப்பதா என்று மனைவி கேட்டார். உம்மாவையும் வைத்துக்கொண்டு ஆலோசித்தோம். மகள் எட்டிக் கீறக்கூடிய உயரத்தை அளந்து ஒரு கோடு போட்டிருக்கின்றோம். அதற்கு மேலே வெள்ளை அடிப்பது, கீழே உள்ளதை அப்படியே விடுவது என்று தீர்மானமாயிற்று. கோடு போட்ட அன்றே மகள் கதிரையொன்றை இழுத்து வந்துவிட்டாள்.