புலவரும் புரவலரும்: அருட்செல்வர் நா. மகாலிங்கம் நினைவுரை

 

பொள்ளாச்சியில் வாழ்ந்த தொழிலதிபர் ஒருவரைத் தருமபுரியில் நினைவுகூர்வது ஏன் என்று சிலர் வினவலாம். இது அதியமான் ஆண்ட தகடூர். வாழ்நாளை நீட்டிக்கும் நெல்லிக்கனியைத் தான் உண்ணாது ஔவைக்கு ஈந்தவன் அவன். தான் மறைந்தாலும் தமிழ் வாழவேண்டும் என்பதே அக்கொடையின் உட்பொருள். அருட்செல்வர் நா. மகாலிங்கம் அவர்களின் வாழ்வையும் அந்த அளவுகோல் கொண்டே அளந்து காண விழைகின்றேன்.

அவர் 1923-ஆம் ஆண்டு மார்ச் 21-இல் பிறந்தார். தந்தையார் நாச்சிமுத்துக் கவுண்டர் 1931-இல் தொடங்கிய ஆனைமலைப் பேருந்து நிறுவனமே குடும்பத் தொழிலின் வேர். மகனார் 1952 முதல் 1967 வரை சட்டமன்ற உறுப்பினராக விளங்கினார். பின்னர்த் தேர்தல் அரசியலை விடுத்துத் தொழிலிலும் பொதுப்பணியிலும் நின்றார். நம் ஒகேனக்கல்லில் அருவியாய் வீழும் காவிரி, மேட்டூரைக் கடந்து பவானி ஆற்றோடு கூடுகின்றது. அப்பவானிக்கு அணித்தாயுள்ள ஆப்பக்கூடலில் எழுந்தது சக்தி சர்க்கரை ஆலை. பொள்ளாச்சியில் பாலிடெக்னிக்கும், 1984-இல் கோவையில் குமரகுரு பொறியியற் கல்லூரியும் தோன்றின.

இவை ஒரு தொழிலதிபரின் வரலாறு. புலவர் உலகம் அவரை நினைப்பதற்குக் காரணம் வேறு. ‘ஓம் சக்தி’ இதழை நடத்தினார். அருளாளர் நூல்கள் அச்சேறவும் பிறமொழிகளிற் பெயர்க்கப்படவும் துணைநின்றார். ஆண்டுதோறும் சென்னையில் வள்ளலார் – காந்தி விழாவை எடுத்தார். பசிப்பிணி தீர்க்கச் சொன்னவர் வள்ளலார். செல்வர் தம் செல்வத்துக்குத் தருமகர்த்தாவாக விளங்க வேண்டும் என்றவர் காந்தியடிகள். ஆலை முதலாளி ஒருவர் இவ்விருவரையும் ஒருங்கே போற்றுவது எளிதன்று. ஆண்டுக்கொரு முறை அவர்கள் முன் நிற்பது, தம் கணக்கைத் தாமே பார்ப்பதற்கு ஒப்பாகும். 2007-இல் பத்மபூஷண் விருது அவரை வந்தடைந்தது. 2014 அக்டோபர் 2, காந்தி பிறந்தநாளன்று, அவ்விழாக் காலத்திலேயே 91-ஆம் அகவையில் அவர் மறைந்தார். குடும்பத் தொழில்களை மக்கள் ஏற்று நடத்தினர். நிறுவனத்தை விட்டுச்செல்லும் தந்தையர் பலர். கடமையையும் சேர்த்து விட்டுச்செல்வோர் சிலரே.

கவிஞர்களே! புரவலரைப் பாடுவதில் நமக்கொரு குறை உண்டு. ‘வள்ளல்’, ‘பாரி’, ‘கற்பகத்தரு’ என அடைமொழிகளை அடுக்குகின்றோம். அவர் செய்தது என்ன என்பதை எழுத மறக்கின்றோம். கரும்பு விலை பற்றி உழவர்க்கும் ஆலைகளுக்கும் எழும் பிணக்கைப் பாலக்கோடும் கோபாலபுரமும் அறியும். அதனை அறியாதார் போல் முதலாளியரைப் பாடுவது புகழுரை ஆகாது; முகமன் ஆகும். தொண்டைமானிடம் தூது சென்ற ஔவை, அவன் படைக்கலங்களின் பளபளப்பைப் புகழ்வது போலவே அவன் போர் அறியாமையை உணர்த்தினாள். புரவலன் சோற்றை உண்டவளே எனினும் அவள் அறிவை அடகுவைக்கவில்லை.

பத்தாண்டுகளாக நம் வட்டத்தைத் தாங்கியோரும் இத்தகைய குடும்பப் பெரியவர்களே. அச்சுக்கூலி தந்தவர், மண்டப வாடகை செலுத்தியவர், ஓய்வுபெற்றபின் நம் கணக்கேட்டை எழுதியவர் என அவர்கள் பலர். அவர்கள் மறையும்போது இரங்கற்பா ஒன்றோடு நம் கடன் தீர்ந்துவிடுகின்றது. அது போதாது. ஒவ்வோர் உறுப்பினரும் தாம் அறிந்த ஒரு பெரியவரின் வாழ்வை, ஆண்டும் செயலும் தவறாது, நான்கு பக்கம் எழுதித் தருக. இயன்றால் அவர் இருக்கும்போதே, அவரிடமே கேட்டு எழுதுக. அடுத்த மலர் அவற்றைத் தாங்கி வரட்டும்.