கணக்கில் இடறுவது எண்ணிலா, சொல்லிலா? சொல்லிலேதான்!

நடுவர் அவர்களே! எதிரணியில் வீற்றிருக்கும் கணிதப் பேராசிரியர்களே!

'தமிழ் வாத்தியாருக்குக் கணக்கு மேடையிலே என்ன வேலை?' என்று கேட்டுவிட்டுப் போனார் நண்பர். ஐயா, நான் தமிழ் வாத்தியார் ஆனதே ஒரு கணக்கு வாத்தியாராலேதான்! (சிரிப்பு)

பள்ளியிலே கேட்டார்: '10 பேரில் 3 பேர் கொண்ட குழுவை எத்தனை வகையில் அமைக்கலாம்?' நான் பத்து, ஒன்பது, எட்டு மூன்றையும் பெருக்கி 720 என்றேன். பெருக்கலிலே பிழை இல்லை. ஆனால் விடை 120. 'உனக்குக் கணக்கு வராதுடா, தமிழ் படி'ன்னு சொல்லிட்டார். நான் விழுந்தது எண்ணிலா? 'குழு' என்கிற ஒற்றைச் சொல்லிலே ஐயா!

தலைவர், செயலாளர், பொருளாளர் என்று கேட்டிருந்தால் 720 சரி. ஆள் மாறினால் பதவி மாறும். அது வரிசை மாற்றம். குழு என்றால், மூன்று பேரை எப்படி மாற்றி உட்கார வைத்தாலும் அதே குழு. மூவரை 6 விதமாக உட்கார வைக்கலாம். ஒவ்வொரு குழுவையும் ஆறு தடவை எண்ணிவிட்டேன்! 720ஐ ஆறால் வகுத்தால் 120. அது சேர்மானம்.

இது எங்கள் இலக்கணத்திலேயே இருக்கிறது. 'கபிலரும் பரணரும் வந்தனர்.' பெயர்களை மாற்றுங்கள், பொருள் மாறவில்லை. 'கபிலரைப் பரணர் அழைத்தார்.' மாற்றுங்கள், அழைத்தவரே வேறு! முன்னது சேர்மானம், பின்னது வரிசை மாற்றம். (கைதட்டல்)

1150இல் பாஸ்கராசாரியார் எழுதிய லீலாவதியிலே இரண்டுக்கும் கணக்கு உண்டு. திருமாலின் நான்கு கைகளிலே சங்கு, சக்கரம், கதை, தாமரையை மாற்றி மாற்றி வைத்தால் 24 உருவம். கேசவன், நாராயணன், மாதவன் என்று வருகிற 24 மூர்த்தங்களையும் கை மாற்றத்தை வைத்துத்தானே சிற்பி பிரிக்கிறான்? அதே நூலில் அறுசுவை. ஒன்று தொடங்கி ஆறு வரை கலந்தால் 63 கலவை. புளிப்பும் உப்பும் என்றாலும், உப்பும் புளிப்பும் என்றாலும், நாக்குக்கு ரசம் ரசம்தான்! (சிரிப்பு)

சூத்திரம் இரண்டும் புத்தகத்திலே இருக்கிறது. எதை எடுப்பது? ஒரே கேள்வி கேளுங்கள்: எடுத்ததை இடம் மாற்றினால் புதிதா, பழையதா? புதிது என்றால் வரிசை மாற்றம். பழையது என்றால் சேர்மானம்.

இந்த ஒரு வாக்கியத்தை அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால், நான் இன்று எதிரணியிலே உட்கார்ந்திருப்பேன்! (பலத்த கைதட்டல்) தமிழ் என்னைக் கைவிடவில்லை, அது வேறு. ஆனால் 'கணக்கு வராது' என்று ஒரு பிள்ளையை விரட்டும் முன்னே, கேள்வியை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். பெருக்கத் தெரிந்த பிள்ளைதான், சொல்லிலேதான் இடறியிருக்கும். அப்படியே தீர்ப்பளியுங்கள் நடுவர் அவர்களே!